பெயிண்ட் சொதப்பிய கிட்டார், ஆனால் வாசிக்க அருமை: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கேள்வி இதுதான். தம்பி ஒருவர் புதிதாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியிருக்கிறார். டெலிகாஸ்டர் (ஃபெண்டர் நிறுவனத்தின் பிரபல மாடல்) வடிவம், சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் வெளிறி, ஓரத்தில் கறுக்கும்), ஓரத்தில் வெள்ளை பைண்டிங் என்ற பட்டை. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பைண்டிங் மேல் இரண்டு இடத்தில் கறுப்பு நிறம் கசிந்திருக்கிறது, நெக் (கம்பி ஓடும் நீளமான கழுத்து) வந்து பாடியில் உட்காருகிற குழியின் ஓரத்தில் பெயிண்ட் வழிந்து அப்படியே உறைந்திருக்கிறது, பின்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம். கடைக்காரர் பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் வேறு பீஸ் தருகிறேன் என்கிறார். ஆனால் இதுவரை தொட்ட கிட்டார்களிலேயே இதுதான் கைக்கு அவ்வளவு சுகமாக இருக்கிறதாம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

என் பதில்: வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பத்து நாள் முடிவதற்குள் இரண்டு விஷயத்தை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஒன்று, இந்தக் குறைகள் நிஜமாகவே மேல்தோலோடு நிற்கிறவைதானா. இன்னொன்று, அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது. பெரும்பாலானவர்கள் முதலாவதைப் பார்ப்பார்கள், இரண்டாவதை விட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

முதலில் குறைகள். பைண்டிங்கில் நிறம் கசிவது எவ்வளவு விலை உயர்ந்த கிட்டாரிலும் நடக்கிறது. பாடிக்கு நிறம் அடித்த பிறகு அந்த வெள்ளை ஓரத்தை ஒரு ஆள் பிளேடை வைத்துக் கையால் சுரண்டி எடுப்பது வழக்கம், அதில் கை கொஞ்சம் தவறினால் அங்கே கறுப்பு நின்றுவிடும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பின்பக்கப் பள்ளமும் அப்படித்தான், மரம் விரிசல் விடாதவரை அது வெறும் அடி.

நெக் குழியில் வழிந்த பெயிண்ட்தான் நான் கொஞ்சம் நின்று பார்க்கிற இடம். ஏனென்றால் அங்கே உறைந்த ஒரு சொட்டு பெயிண்ட் நெக்கை அரை மில்லிமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார வைத்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. கிட்டாரை நேராகப் பிடித்துக்கொண்டு கடைசி ஃப்ரெட்டுகள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) பக்கம் பாருங்கள்: தடிமனான ஆறாவது கம்பிக்கும் நெக் விளிம்புக்கும் உள்ள இடைவெளியும், மெல்லிய முதல் கம்பிக்கும் அந்தப்பக்க விளிம்புக்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். முதல் கம்பி விளிம்பை ஒட்டிப் போய், வாசிக்கும்போது வழுக்கிக் கீழே விழுகிறது என்றால் நெக் சாய்ந்திருக்கிறது. அதுவும் பெரிய விஷயம் இல்லை. கம்பியைத் தளர்த்தி, பின்னால் உள்ள நாலு ஸ்க்ரூவையும் கொஞ்சம் இளக்கி, நெக்கைக் கையால் அந்தப்பக்கம் இழுத்துப் பிடித்து மறுபடி முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்களுக்குப் பயமாக இருந்தால் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

நெக் குழியின் மூலையில் இருந்து பாடியில் மெல்லிய கோடாக ஓடும் விரிசலைப் பார்த்தும் நிறையப் பேர் பதறுவார்கள். நெக்கை ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் கிட்டார்களில் அது பெரும்பாலும் பெயிண்டில் மட்டும் இருக்கும், ஏனென்றால் பாலியஸ்டர் பெயிண்ட் கனமாக, கண்ணாடி மாதிரி உறைகிறது, மரம் கொஞ்சம் அசைந்தால் மூலையில் அதுதான் முதலில் வெடிக்கும். பயப்பட வேண்டிய விரிசல் வேறு. கம்பி முடுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் நெக்கோடு சேரும் இடம், அதாவது நட்டுக்கு (கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் வெட்டிய சிறு துண்டு) பின்னால், அங்கே ஒரு கோடு தெரிந்தால் கம்பியை முழுக்கத் தளர்த்திப் பாருங்கள், பிறகு இறுக்கிப் பாருங்கள். கோடு திறந்து மூடுகிறது என்றால் உடைந்திருப்பது மரம். ஹெட்ஸ்டாக் பின்பக்கம் சாய்ந்திருக்கும் கிப்சன் வகைக் கிட்டார்களில் இது தெரிந்த நோய். கீழே விழுந்தால் முதலில் முறிகிற இடம் அதுதான். நன்றாக ஒட்டினால் வாசிக்கலாம், ஆனால் அது புதிதாக வாங்கும் கிட்டாரில் இருக்கக் கூடாத ஒன்று, எவ்வளவு அருமையாக வாசித்தாலும் திருப்பிக் கொடுங்கள். பாடியில் கம்பிகள் உட்காரும் பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு தூண்கள் முன்பக்கம் சாய்ந்து, அடியில் மரம் பிளந்திருந்தாலும் அதே பதில்தான்.

சரி, உங்கள் கிட்டாரில் இதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அந்தச் சுகம்.

இங்கேதான் ஆன்லைனில் நிறையப் பேர் கவிதை பாடுகிறார்கள், "அந்த மரத்துக்கு ஒரு உயிர் இருக்கிறது" என்று. எனக்கு அது ஒத்துவராது. ஒரு கிட்டார் கைக்கு நன்றாக இருக்கிறது என்றால் அதில் பாதிக்கு மேல் செட்டப் வேலை. கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, நட்டில் வெட்டிய பள்ளம் எவ்வளவு ஆழம், நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் எந்த அளவுக்கு முடுக்கியிருக்கிறது, என்ன கனத்தில் கம்பி போட்டிருக்கிறது. இது எல்லாமே இன்னொரு கிட்டாருக்கும் செய்யக்கூடியது. கடையில் யாரோ ஒரு நல்ல ஆள் இதற்கு செட்டப் செய்து வைத்திருந்தார், பக்கத்தில் இருந்ததற்குச் செய்யவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்தது கிட்டாரை அல்ல, அந்த ஆளின் வேலையைத்தான். அப்படியானால் தாராளமாக மாற்றிக்கொண்டு, வருகிற புது பீஸுக்கு அதே வேலையைச் செய்து வாங்கலாம்.

செட்டப்பில் அடங்காத சில சமாச்சாரங்கள் உண்டு, அவைதான் திரும்பக் கிடைக்காதவை. நெக்கின் பின்பக்க உருண்டை அதில் ஒன்று. ஒரே மாடல், ஒரே தொழிற்சாலை, ஒரே வாரத்தில் செய்தது என்றாலும், மெஷின் வெட்டிய பிறகு கடைசியாக ஒரு மனிதர் பெல்ட் சாண்டரில் வைத்துத் தேய்க்கிறார், அங்கே ஒன்று கொஞ்சம் மெல்லியதாகவும் இன்னொன்று கொஞ்சம் தடிமனாகவும் போகிறது. அளந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் உள்ளங்கைக்குத் தெரியும். அடுத்தது ஃப்ரெட் வேலை. ஃப்ரெட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கம்பியைத் தாழ்த்தி வைக்க முடியும், ஒன்றே ஒன்று தூக்கி நின்றால்கூட அதற்காக மொத்தக் கம்பியையும் உயர்த்த வேண்டும். விலை உயர்ந்த கிட்டார்களுக்கு ஜெர்மனியில் உருவான பிளெக் என்ற மெஷின் ஒவ்வொரு ஃப்ரெட்டின் உயரத்தையும் அளந்து சீவுகிறது. நடுத்தர விலையில் அது உங்கள் அதிர்ஷ்டம். அப்புறம் நெக் மரம் எவ்வளவு நிலையாக நிற்கிறது, கிட்டாரின் எடை, தோளில் மாட்டினால் ஹெட்ஸ்டாக் கீழே இறங்குகிறதா, இதெல்லாம்.

வீட்டில் உட்கார்ந்து சோதிக்க ஒரு மாலை போதும். முதல் கம்பியில் ஆரம்பித்து ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஆம்ப் இல்லாமல் மெதுவாக வாசித்துப் பாருங்கள். எங்கேயாவது ஒரு ஃப்ரெட்டில் மட்டும் 'ஜிர்ர்' என்கிறதா? அந்த இடத்தில் ஏடிஎம் கார்டின் விளிம்பை மூன்று ஃப்ரெட் மேல் மட்டும் படும்படி நிறுத்தி ஆட்டிப் பாருங்கள், நடுவில் இருப்பது உயரமாக இருந்தால் கார்டு ஊஞ்சல் ஆடும். நட்டுப் பக்கம் நீளமான விளிம்பு சரியாக இருக்கும், ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் குட்டையான விளிம்பு, இன்னும் மேலே போனால் கார்டையே வெட்டிக்கொள்ள வேண்டும் (பழைய கார்டு, தயவுசெய்து). பிறகு முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடித்தால் ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே சன்னமாக ஒரு இடைவெளி தெரிய வேண்டும், 0.25 மில்லிமீட்டர் சுமாருக்கு, சாதாரண விசிட்டிங் கார்டை விடக் கொஞ்சம் மெல்லிசு. பதினேழாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் அது ஃபெண்டர் சொல்லும் அளவு. உங்கள் கிட்டாரில் கம்பி அந்த அளவிலோ அதற்கும் கீழேயோ நின்று, எங்கேயும் அந்த 'ஜிர்ர்' சத்தம் வராமல், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே முதல் இரண்டு கம்பிகளை முழு ஸ்வரம் இழுத்தாலும் சத்தம் செத்துப் போகாமல் நின்றால், அந்தக் கிட்டாரின் ஃப்ரெட் வேலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது பணம் கொடுத்தாலும் அடுத்த பெட்டியில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று மட்டும் பார்த்துவிடுங்கள், மூன்றாவது கம்பியில் ஐந்தில் இருந்து எட்டாவது ஃப்ரெட் வரை. நெக் ஸ்க்ரூவில் பூட்டிய கிட்டார்களில் இந்தப் பகுதியில் ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரமாக அடங்கிப் போவது சகஜம். நெக் தானாக அதிரும் வேகமும் அந்த ஸ்வரமும் ஒத்துப்போனால் கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது, அதுதான் காரணம். செட்டப்பால் சரி செய்ய முடியாது. உங்கள் கிட்டாரில் அது இல்லை என்றால், அல்லது தேடினால்தான் தெரிகிறது என்றால், மாற்றிக் கொடுக்கும் பேச்சையே விட்டுவிடுவேன் நான். புது பீஸில் பெயிண்ட் பளபளவென்று இருந்து, மூன்றாவது கம்பி ஏழாவது ஃப்ரெட் செத்துக் கிடந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? கடைக்காரர் அதைக் குறை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

பார்வைக்குத் தள்ளுபடி ஆன கிட்டார்கள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன். அவர் தன் கையால் சேர்த்துக் கட்டிய அந்தக் கோடு போட்ட கிட்டாரின் பாடி, மரத்தில் ஒரு முடிச்சு இருந்ததால் இரண்டாம் தரம் என்று ஒதுக்கப்பட்டு 50 டாலருக்குக் கிடைத்தது. நெக் 80 டாலர். அதன் மேல் சைக்கிள் பெயிண்டை அடித்து, டேப் ஒட்டி, கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றை பிக்கப்பைச் சாய்வாகத் திருகி வைத்தார். 2007-இல் ஃபெண்டர் நிறுவனம் அதே கிட்டாரை அடி, சுரண்டல், சிகரெட் சுட்ட தழும்பு உட்பட நகல் எடுத்து 300 பீஸ் மட்டும் செய்து, ஒன்று 25,000 டாலர் என்று விற்றது. இரண்டாம் தரப் பாடிக்கு முதல் தர விலையைவிடப் பல மடங்கு!

இதைவிட உங்கள் கேள்விக்கு நெருக்கமானது ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கேலகரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், அதுவும் ஃபெண்டர் மாடல்தான். 1961-இல் செய்தது. அயர்லாந்தில் நடன நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கும் ஒரு ஷோபேண்ட் குழுவின் கிட்டார்காரர் சிவப்பு நிறத்தில் கேட்டிருக்கிறார், வந்ததோ சன்பர்ஸ்ட். கொஞ்ச நாள் வாசித்துவிட்டு, கேட்ட சிவப்பு வந்ததும் இதைக் கடைக்கே கொடுத்துவிட்டார். நிறம் பிடிக்காமல் ஒருவர் திருப்பிக் கொடுத்த அந்தக் கிட்டாரைத்தான் 1963-இல் கார்க் நகரத்துக் கடையில் 15 வயதுப் பையன் ரோரி சுமார் 100 பவுண்டுக்குத் தவணையில் எடுத்தார். பிறகு அது திருட்டுப் போய், மழையில் கிடந்து திரும்பி வந்தது. வருடக்கணக்கில் மேடை வியர்வை பட்டுப் பட்டு சன்பர்ஸ்ட் போன இடம் தெரியாமல் போய், பாதிக்கு மேல் வெறும் மரம்தான் மிச்சம். அவர் மறைந்து 29 வருடம் கழித்து, 2024-இல் லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் அது 7 லட்சம் பவுண்டுக்குப் போனது, இப்போது அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் சொல்வது உங்கள் கிட்டாரும் ஏலத்துக்குப் போகும் என்பதற்காக இல்லை. போகாது. இந்த ஆட்கள் கிட்டாரைத் தேர்ந்தெடுத்தது எதை வைத்து என்பதற்காகச் சொல்கிறேன். ஆங்கிலேய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970-இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறை ஒரே நேரத்தில் வாங்கினார், மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தார், மிச்ச மூன்றில் இருந்து பிடித்த பாகங்களைக் கழற்றிச் சேர்த்து ஒன்றாக்கினார். கறுப்பு பாடி என்பதால் அதற்கு பிளாக்கி என்று பெயர். வருடங்கள் கழித்து அதை ஓய்வுக்கு அனுப்பியதும் நெக் தேய்ந்துவிட்டதால்தான், பெயிண்டால் இல்லை.

இதில் உங்களுக்கு உபயோகமான ஒரு விஷயம் இருக்கிறது, யாரும் சொல்ல மறந்துவிடுவது. டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் நெக் ஒட்டப்பட்டதில்லை, நாலு ஸ்க்ரூதான். உங்களுக்குப் பிடித்தது நெக், பிடிக்காதது பாடியின் பெயிண்ட் என்றால், இரண்டு வருடம் கழித்து வேறு நல்ல பாடி ஒன்று கையில் கிடைத்தால் இந்த நெக்கைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். குழி அளவு பொருந்த வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நெக்கும் பாடியும் ஒட்டிய கிட்டாராக இருந்திருந்தால் இந்த வழி கிடையாது. அதனால்தான் உங்கள் விஷயத்தில் இவ்வளவு தைரியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இப்போது மறுபக்கம். சிலருக்கு மாற்றுவதுதான் சரி. இந்தக் கிட்டாரை ஒரு வருடத்தில் விற்றுவிட்டு மேலே போகிற திட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய கிட்டார் வாங்குகிறவர் போட்டோவைப் பார்த்துத்தான் விலை பேசுவார், நெக் சுகத்தைப் போட்டோவில் காட்ட முடியாது, வழிந்த பெயிண்ட் மட்டும் அழகாகத் தெரியும். இன்னொரு ரகம், மேஜையில் பேனா கோணலாக இருந்தாலே நேராக்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள். நீங்கள் அந்த ரகமா என்று உங்களுக்குத்தான் தெரியும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண் நேராக அந்தக் கறுப்புக் கசிவுக்குப் போகிறது என்றால், அப்புறம் எடுத்து வாசிப்பதே குறைந்துவிடும். அது குணம், தப்பு இல்லை. யாராவது "உனக்கு இசை முக்கியமா, பெயிண்ட் முக்கியமா" என்று பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்தது நீங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் சும்மா வைத்துக்கொள்ளாதீர்கள். குறைகளை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, பில்லோடு கடைக்கு எட்டாவது ஒன்பதாவது நாளுக்குள் அனுப்புங்கள், "மாற்றத் தேவையில்லை, விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். திரும்ப வாங்கினால் அவர் அதைக் குறை உள்ள பீஸ் என்று சொல்லித் தள்ளுபடியில்தான் இன்னொருவருக்கு விற்க வேண்டும், மாற்று பீஸ் வரவழைக்கும் செலவு வேறு. அதனால் பெரும்பாலும் ஏதாவது இறங்கி வருவார்கள். பணமாகத் தர மனமில்லை என்றால் ஒரு நல்ல கெட்டிப் பெட்டி, இரண்டு மூன்று செட் கம்பி, வருடம் ஒரு இலவச செட்டப் என்று கேட்டு வாங்குங்கள். கிட்டாரின் உத்தரவாதம் அப்படியே இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் பிக்கப் போனாலோ சுவிட்ச் போனாலோ "அது தள்ளுபடி பீஸ்" என்று கையை விரிக்கக் கூடாது.

டச்சப் (பெயிண்டைச் சரிசெய்வது) விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கார் பெயிண்ட் பட்டறைக்காரர் யாராவது "கொண்டாங்க தம்பி, ஒரு மணி நேரத்துல புதுசாக்கித் தர்றேன்" என்பார். கொடுக்காதீர்கள். மேலே இன்னொரு கோட் அடித்தால் நெக் குழியில் பெயிண்ட் கனம் ஏறி, நன்றாக உட்கார்ந்திருந்த நெக் உட்காராமல் போகும், அப்புறம் இருந்த ஒரே நல்ல விஷயமும் போச்சு. பைண்டிங்கில் இருக்கும் கசிவை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், கிட்டார் வேலை தெரிந்த ஒருவர் புது பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து இலேசாகச் சுரண்டி எடுப்பார், பத்து நிமிட வேலை. பின்பக்கப் பள்ளத்தில் பெயிண்ட் சில்லு பெயர்ந்து மரம் தெரிந்தால் அங்கே சூப்பர் குளூ சொட்டு விட்டு, காய்ந்ததும் நயமான உப்புத்தாளால் மட்டம் செய்து பாலிஷ் போடுவார்கள். பெயராமல் வெறுமனே அமுங்கியிருந்தால் தொடவே வேண்டாம்.

சென்னை மாதிரி ஈரமும் வியர்வையும் உள்ள ஊரில் இருக்கிறீர்கள் என்றால் பெயிண்டைவிடக் கவனிக்க வேண்டியது நெக்தான். மழைக்காலத்திலும் ஏசி அறையிலும் மரம் மாறி மாறி ஈரம் இழுத்து விடும், வருடத்தில் இரண்டு மூன்று முறை ட்ரஸ் ராடைக் கால் திருகு அளவுக்குச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியையும் நெக்கின் பின்பக்கத்தையும் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். இந்த வாரமே கம்பி உயரம், நெக் வளைவு, கம்பி கனம் மூன்றையும் அளந்து எங்காவது எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் ஒருநாள் "முன்னே மாதிரி இல்லையே" என்று தோன்றும்போது, எந்த அளவுக்குத் திரும்பப் போக வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்ல அந்த மூன்று எண்கள் போதும்.